சலவைக்கல்லின் போலியா? மெருகேற்றிய சுண்ணச் சாந்துச் சுவர்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வீட்டுச் சுவரைக் கண்ணாடிபோல் மினுங்கச் செய்யும் சுண்ணச் சாந்துப் பூச்சு இந்தியக் கட்டடக்கலையின் பழைய நுட்பங்களுள் ஒன்றாகும். இது தென்னகத்தில் செட்டிநாட்டுப் பூச்சு எனவும், ஆங்கிலேயர் எழுத்துகளில் ‘மதராஸ் சுண்ணம்’ எனவும், இராசத்தானில் ‘ஆராயிஷ்’ எனவும் பெயர் பெற்றது. சலவைக்கல் வாங்க இயலாதவர்கள் கண்ட மலிவான மாற்றே இது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை இலக்கியம், பயணக் குறிப்பு, எஞ்சியுள்ள வீடுகள் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் இலக்கியச் சான்றும்

பழந்தமிழில் சுண்ணம் என்பது பொடியைக் குறித்த சொல்லாகும். நறுமணப் பொடியும் சுண்ணம் எனப்பட்டது. சுவருக்கு இடும் வெண்சாந்து ‘சுதை’ என வழங்கியது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை அரண்மனையின் அமைப்பை விரிக்குமிடத்தில் சுதை பூசப்பட்டதன் ஒளியை வெள்ளிக்கும், திண்ணிய நெடுஞ்சுவரைச் செம்புக்கும் ஒப்பிடுகிறது. இவ்வுவமைகள் கருதத்தக்கவை. பூச்சின் ஒளியைக் கல்லோடு ஒப்பிடாமல் மெருகேறிய உலோகத்தோடு புலவர் ஒப்பிட்டுள்ளார். எனவே பழந்தமிழர் பார்வையில் இப்பூச்சு வேறொன்றின் சாயலாக அன்றித் தனக்கே உரிய ஒளி படைத்த பொருளாக விளங்கியது எனலாம்.

ஐரோப்பியர் பார்வை

1780களில் இந்தியாவில் பயணம் செய்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், 1793இல் வெளியிட்ட தம் நூலில் சென்னைக் கோட்டைப் பகுதி வீடுகளின் சுண்ணப் பூச்சைப் புகழ்கிறார். அது சலவைக்கல்லுக்கு நிகரான இறுக்கமும் மெருகும் உடையது என்பது அவர் கருத்து. ‘சுனாம்’ என்னும் சொல் ஆங்கில வழக்கில் வேரூன்றி, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் இடம்பெற்றது.

ஹாட்ஜஸ் சலவைக்கல்லை நினைத்ததற்கு ஐரோப்பிய மரபே காரணமாகலாம். உரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸ், மணற்சாந்து மூன்று படலமும் சலவைக்கற்பொடிச் சாந்து மூன்று படலமும் இட்டு மெருகேற்றும் முறையை எழுதிவைத்தார். வெனிசு நகரத்துப் பூச்சின் ‘மார்மோரினோ’ என்னும் பெயரே சலவைக்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். கல்லைப் பார்த்துப் பழகிய கண்கள் சென்னைச் சுவரிலும் கல்லையே கண்டன.

செய்முறை

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, நீரூற்றி நீற்றி, பல நாள் ஊறவைப்பது முதல் வேலையாகும். அடிப்படலங்களுக்கு மணல் சேர்ந்த சாந்தும், மேலே செல்லச் செல்ல மேலும் நுண்ணிய சாந்தும் பூசப்படும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சாந்தில் கலக்கப்படும். இறுதிப் படலத்திற்குச் சுண்ணாம்பை மைபோல் அரைத்து முட்டையின் வெண்கருவைச் சேர்ப்பர். 1730களின் தொடக்கத்தில் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஐசக் பைக் என்பார் சென்னைச் சாந்து பற்றி எழுதிய குறிப்பு, இத்தகைய சேர்மானங்களை அக்காலத்திலேயே பதிவுசெய்துள்ளது.

பூச்சின் ஒளி சேர்மானத்தினால் மட்டும் வருவதன்று. ஈரம் முற்றும் காயுமுன் வழவழப்பான கல்லால் சுவரை இடைவிடாது தேய்க்கவேண்டும். அப்போது மேற்பரப்பின் நுண்துகள்கள் நெருங்கி இறுகுகின்றன. வெளிப்படும் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து மீண்டும் தேய்ப்பர். பின்னர்க் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணாம்பு மெல்ல மெல்ல மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. வேதியியல் நோக்கில் சலவைக்கல்லும் அதே பொருளே. ஆயினும், பூமிக்கடியில் வெப்பமும் அழுத்தமும் செய்ததைச் சுவரில் கொத்தனாரின் கையுழைப்பு தன் வழியில் செய்கிறது.

இரு வணிக நாடுகள்

பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் ஈட்டிய செல்வத்தால் நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பெருவீடுகளை எழுப்பினர். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் அவ்வீடுகளுக்குக் கடல்வழி வந்தன. தரைக்கு இத்தாலியக் கல் இட்ட வீடுகளிலும் சுவருக்கு உள்ளூர்ச் சுண்ணச் சாந்தே பூசப்பட்டது. வெளியூரில் பொருளீட்டிய மார்வாரி வணிகர்கள் இராசத்தானின் சேகாவதிப் பகுதியில் எழுப்பிய மாளிகைகளிலும் ஆராயிஷ் இடம்பெற்றது. புகழ்பெற்ற மக்ரானாச் சலவைக்கல் கிடைக்கும் அதே மாநிலத்தில், சலவைக்கல்லின் பொடியைச் சுண்ணாம்போடு கலந்து, அகேட் கல்லால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசி மெருகேற்றினர். வாங்கும் வசதி இருந்தும் சுவருக்குச் சாந்தையே தேர்ந்தனர் என்பது இவ்விரு நாடுகளாலும் அறியப்படுகிறது. ஆகவே வறுமையே இதன் தோற்றுவாய் என்னும் கருத்து வலுவிழக்கிறது. வெப்பமான நிலத்தில் சுவர் மூச்சுவிட இடந்தரும் தன்மையும், வெண்மையின் குளிர்ச்சியும், நெடுங்காலம் மங்காத மெருகும் அத்தேர்வுக்குரிய காரணங்களாகலாம்.

சிமெண்ட்டின் வருகை

இந்தியாவில் போர்ட்லண்டு சிமெண்ட் உற்பத்திக்கான முதல் முயற்சி 1904இல் சென்னையிலேயே நிகழ்ந்தது. அதற்கு மூலப்பொருளாகக் கடற்சிப்பிகளே பயன்பட்டன. அம்முயற்சி நிலைக்கவில்லை, 1914இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தி நிலைபெற்றது. சுண்ணச் சாந்தின் ஊற்றாகிய சிப்பியே அதன் போட்டியாளனுக்கும் முதற்பொருளானது வரலாற்றின் முரண் எனலாம். சிமெண்ட் விரைந்து இறுகும். காத்திருத்தலும் தேய்த்தலும் வேண்டா. இம்மரபு பின்தங்கியதற்கு இவ்விரைவு முதன்மையான காரணமாகும்.

இதன் விளைவு பழைய வீடுகளில் கண்கூடு. சுண்ணச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுக்களத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் பெயர் இருந்தும் பழுதுபார்ப்பில் சிமெண்ட் புகுந்தால் காக்கப்படுவது வீட்டின் வடிவம் மட்டுமே. மேலும், ஆராயிஷ் ஈரச்சுவர் ஓவியத்தின் தளமாதலால் பனஸ்தலி வித்யாபீடம் போன்ற கல்விக்கூடங்களில் ஓவியப் பயிற்சியோடு சேர்ந்து வாழ்கிறது. ஒளியையே அலங்காரமாகக் கொண்ட செட்டிநாட்டுப் பூச்சுக்கு அத்துணை பெரும்பாலும் வாய்க்கவில்லை. அது கொத்தனார்களின் கைப்பழக்கத்தையே நம்பியுள்ளது.

முடிவுரை

மெருகேற்றிய சுண்ணச் சாந்து சலவைக்கல்லின் போலியன்று. தனக்கெனச் சொல்லும், செய்முறையும், அழகியலும் கொண்ட தனிக்கலை என்பது மேற்கண்டவற்றால் பெறப்படுகிறது. இன்று நகரக் கடைகளில் இத்தாலியப் பெயருடன் விலைபோகும் அலங்காரப் பூச்சுகளை விரும்பி வாங்குவோர், அதற்கு ஒப்பான மரபு தம் நாட்டிலும் உண்டு என்பதை அறிதல் நன்று. தமிழாய்வுக்கும் இதில் பணியுண்டு. நீற்றுதல், அரைத்தல், பூசுதல், தேய்த்தல் ஆகிய ஒவ்வொரு நிலைக்கும் கொத்தனார்களிடம் வட்டாரச் சொற்கள் வழங்குகின்றன. முதிய கைவினைஞர்கள் வாழும்போதே அவற்றை அவர்கள் வாய்மொழியாகத் தொகுத்தல் வேண்டும். சொல் மறைந்தபின் செய்முறையை மீட்பது அரிது.