பூட்டு எங்கே விழுகிறது? திறமூல மென்பொருள் வணிகத்தில் உரிமமும் ஒப்பந்தமும்

ஜி.பி.எல். என்ற திறமூல உரிமம் மென்பொருளை விற்பதைத் தடுப்பதில்லை. வாங்கியவர் அதை நகலெடுத்துப் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. எனவே நகலுக்கு விலை நிற்காது. நகலெடுக்க முடியாத ஒன்றைத்தான் விற்றாக வேண்டும். அதைப் போட்டியாளரிடமிருந்து காக்க நிறுவனங்கள் ஏதேனும் ஓரிடத்தில் பூட்டுப் போடுகின்றன. அந்த இடம் எது என்பதைப் பதிப்புரிமை யார் கையில் உள்ளது என்பது பெரிதும் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரெட் ஹேட் விற்பது காலத்தை. 2014 ஜூனில் வெளிவந்த அதன் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 3.10 என்ற கெர்னலோடு (இயங்குதளத்தின் கருவோடு) வந்தது. அந்தக் கெர்னலின் மூலத் திட்டம் 2017 நவம்பரோடு அதைக் கைவிட்டது. ரெட் ஹேட் 2024 ஜூன்வரை கைவிடவில்லை. புதிய கெர்னல்களில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்துப் பழையதில் பொருத்திக்கொண்டே இருந்தது. கணினித் திரையில் இதன் தடயம் தெரியும்: 3.10.0 என்ற எண் மாறவே இல்லை. அதன் வால் மட்டும் 123-இலிருந்து 1160 ஆக வளர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் செயலியைக் கலைக்க விரும்பாத வங்கி சந்தா கட்டுவது இந்த வாலுக்காகத்தான். 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹேட்டை வாங்கியதும் இந்த வருமானத்தை நம்பியே.

அதே மூலநிரலைத் தொகுத்து இலவசமாக வழங்கியது சென்ட்ஓஎஸ். 2014இல் அத்திட்டத்தை அரவணைத்த ரெட் ஹேட், 2020 டிசம்பரில் அதன் பழைய வடிவத்துக்கு முடிவு அறிவித்தது. 2023 ஜூனில் தன் வெளியீடுகளின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதையும் நிறுத்தியது. லினக்ஸ் கெர்னலின் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால் உரிமத்தில் ரெட் ஹேட்டால் கைவைக்க முடியாது. ஆகவே பூட்டு ஒப்பந்தத்தில் விழுந்தது: சந்தாதாரர் மூலநிரலைப் பிறருக்குக் கொடுக்கலாம், கொடுத்தால் சந்தாவை நிறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

எலாஸ்டிக் நிறுவனத்தின் நிலை வேறு. பங்களிப்பாளர்களிடம் முன்பே உடன்படிக்கை எழுதி வாங்கியிருந்தது. அது பயன்படுத்திய அப்பாச்சி உரிமமும் நெகிழ்வானது. தன் தேடுபொறியை அமேசான் சேவையாக விற்றபோது, 2021இல் உரிமத்தையே திறமூலம் அல்லாததாக மாற்றியது. அமேசான் பழைய உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச்சைப் பிரித்தெடுத்தது. 2024இல் எலாஸ்டிக் ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்து, மீண்டும் திறமூல வாசலுக்கு வந்தது. அதற்குள் ஓப்பன்சர்ச் தனிக் குடித்தனம் போய்விட்டது.

இரண்டும் ஒரே தந்திரம்தானே எனலாம். விளைவில் வேறுபாடு உண்டு. உரிமப் பூட்டு விழுந்த நாளில் எல்லாப் பயனரும் ஒருசேரப் பாதிக்கப்படுகிறார்கள். எனவே கிளைத் திட்டம் உடனே பிறக்கிறது. ஒப்பந்தப் பூட்டு ஒவ்வொரு சந்தாதாரரையும் தனித்தனியே பிடிக்கிறது: வெளியேறுபவர் கையில் இன்றைய நிரல் இருக்கும், நாளைய திருத்தம் இருக்காது. ஆக, ஒரு திட்டத்தை நம்பி இறங்குமுன் உரிமத்தின் பெயரைப் பார்த்தால் போதாது. அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, திருத்தங்கள் யார் கையிலிருந்து வருகின்றன என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.