சாகா என்னும் மஞ்சாடி

மலேசியத் தமிழர் பேச்சில் கார் என்பது காடி. வடக்கே வண்டியைக் குறிக்கும் சொல் அது. கடல் தாண்டி வந்து, மகிழுந்தையும் சீருந்தையும் செய்தித்தாளோடு நிறுத்திவிட்டு, பேராக் தோட்டங்களிலும் ஈப்போ கடைத்தெருவிலும் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவரிடம் “எங்கப்பா மொதமொதல்ல வாங்குனது சாகா காடி” என்று சொன்னால், சாவில்லாத ஏதோ புளித்த நீரை உங்கள் அப்பா விலைக்கு வாங்கியதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். காடியை ஒரு நொடியில் விளக்கிவிடலாம். சாகாவை விளக்கத்தான் பொற்கொல்லர் தராசு, ராஜராஜன் கல்வெட்டு, இத்தாலியப் பூ, டெட்ராய்ட் குதிரை என்று ஒரு சுற்று போய்வர வேண்டியிருக்கிறது.

புரோட்டோன் நிறுவனம் பதிவானது 1983 மே 7 அன்று. அந்தப் பெயர் ஒரு சுருக்கம்: பெருசஹாஆன் ஓட்டோமோபில் நாசியோனல், அதாவது தேசிய மோட்டார் வாகன நிறுவனம். அன்றைய பிரதமர் மகாதீர் பிடிவாதமாக நின்று நடத்திய திட்டம். ஹைக்கோம் என்ற அரசுக் கனரகத் தொழில் கழகத்துக்கு 70 விழுக்காடு, மிட்சுபிசியின் இரண்டு நிறுவனங்களுக்குத் தலா 15 விழுக்காடு. காருக்குப் பெயர் வைக்க நாடு தழுவிய போட்டி வைத்தார்கள். வென்றவர் இஸ்மாயில் ஜாஃபார், ஓய்வுபெற்ற இராணுவக் கேப்டன். அவர் தேர்ந்த பெயர் சாகா. அந்த மரத்தின் விதை எப்படி உறுதியானதோ அப்படி இந்தக் கார் இருக்கட்டும் என்பது அவர் கருத்து. 1985 ஜூலை 9 அன்று ஷா ஆலாம் ஆலையிலிருந்து முதல் சாகா வெளியே வந்தது. ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு அதே எழுத்துகள் ஐஸ்லாந்தின் பழைய வீரகதைகளை நினைவூட்டும். இராணுவக் கேப்டன் வீரகதையை விட்டு விதையைப் பிடித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மரம் பேராக்கில் புதிதல்ல. பள்ளித் திடலோரம், பழைய சாலையோரம், கோயில் பின்புறம் என எங்கும் நிற்கும். நெற்று முறுக்கிக்கொண்டு வெடிக்கும். உள்ளே பளபளவென்று செக்கச்சிவந்த விதைகள். தமிழில் இதற்கு மஞ்சாடி என்று பெயர். ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வார்கள். குன்றிமணி கொடியில் காய்ப்பது, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது, நஞ்சுள்ளது. மஞ்சாடி மரத்தில் காய்ப்பது, முழுச் சிவப்பு, அளவில் பெரியது; அதனால் ஆனை அடைமொழி. மலாய்க்காரர்களும் இரண்டையும் ஒரே குடும்பமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மரம் போக்கோ சாகா, குன்றிமணிக் கொடி ஆக்கார் சாகா. தாவர நூலின்படி இரண்டும் நெருங்கிய உறவு இல்லை. ஆனால் தமிழனும் மலாய்க்காரனும் ஆளுக்கொரு கரையில் நின்று ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் விதையின் நிறம் மட்டும் அல்ல, அதன் வேலை.

இரண்டு விதைகளுமே தராசில் ஏறியவை. மலாய்ப் பொற்கொல்லர் கணக்கில் 12 சாகா ஒரு மாயாம், 16 மாயாம் ஒரு புங்கால். நீரிணைக் குடியேற்றங்களின் காலத்தில் ஒரு புங்காலை 832 கிரெயின் என்று நிர்ணயித்திருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு சாகா ஏறக்குறைய 0.28 கிராம். இனி நம் கணக்கு: இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் கொடுத்த நகைகள் இந்த அளவில்தான் எடை பார்த்துக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கழஞ்சு ஐந்து கிராமும் கொஞ்சமும் என்று கொண்டால், ஒரு மஞ்சாடி கால் கிராமைச் சற்றுத் தாண்டும். இரண்டு நாட்டுத் தட்டாரும் தங்கள் எடைக்கல்லை ஒரே மரத்தடியில் பொறுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மஞ்சாடி அதோடு நிற்கவில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வைரமும் முத்தும் வாங்க வந்த போர்த்துக்கீசியர் அந்தச் சொல்லை மாஞ்சலிம் என்று தங்கள் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளில் அது மணிக்கல் எடையாக வருகிறது. அவர்கள் நாட்டு காரட்டும் அப்படிப் பிறந்ததுதான். கரோப் மரத்து விதையிலிருந்து கிரேக்கமும் அரபும் வழியாக வந்த சொல் அது. டச்சுக்காரர் வான் ரீடு 17-ஆம் நூற்றாண்டில் கேரளத்துத் தாவரங்களைத் தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலில் மரம் தன் சொந்தப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. குருவாயூர்க் கோயிலில் உருளி நிறைய மஞ்சாடி கொட்டி வைத்து, குழந்தைகளை அள்ளி விளையாட விடுவார்கள். தமிழ் வீடுகளில் பல்லாங்குழி, மலாய் வீடுகளில் சொங்காக். குழியும் விதையும் கொண்ட இந்த இரண்டு ஆட்டமும் பங்காளிகள்.

சரி, சாகா என்ற சொல் எங்கிருந்து வந்தது? அரபு மொழியில் பொற்கொல்லரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஊர்க்காட்டு மரத்துக்கு அரபுப் பெயர் எதற்கு என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் மரத்துக்கும் கொடிக்கும் ஒரே பெயர் இருப்பதை அந்த விளக்கம் நன்றாகத் தாங்குகிறது: தட்டார் கையில் இருந்த விதை எதுவோ அதெல்லாம் சாகா. தமிழின் ‘சாகா’வோடு, அதாவது சாகாவரம், சாகாக்கலை என்பவற்றில் வரும் எதிர்மறைச் சொல்லோடு இதை முடிச்சுப் போட ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். வேண்டாம். அது தற்செயல் ஒலி ஒற்றுமை. வேர்ச்சொல் ஆராய்ச்சியில் நம்மவர்களுக்கு இந்தப் பலவீனம் உண்டு. காதில் விழுந்ததெல்லாம் தாய்மொழியாகத் தெரியும். தற்செயல் சில சமயம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி வண்டிக்கு வருவோம். சாகா பிறக்கும்போது சாகா இல்லை. மிட்சுபிசியின் லேன்சர் ஃபியோரே என்ற காரை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. லேன்சர் என்றால் ஈட்டி ஏந்திய குதிரை வீரன். ஃபியோரே இத்தாலிய மொழியில் பூ. மூக்கில் பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும் பதித்து, பூவை எடுத்துவிட்டு விதையை வைத்தார்கள். கேலி செய்தவர்கள் அன்றே இருந்தார்கள்: ஜப்பான்காரன் காருக்கு மலாய்ப் பெயர்ப்பலகை ஒட்டினால் தேசியக் கார் ஆகிவிடுமா?

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன்பே அமெரிக்காவும் அதைச் செய்திருந்தது. டாட்ஜ் சேலஞ்சர் 1970-க்கான மாடலாக வந்தது. விரும்பியவர்களுக்கு 7 லிட்டர் ஹெமி எஞ்சின் வரைக்கும் உண்டு. அமெரிக்கர்கள் மசில் கார் என்று பெருமையாகச் சொல்லும் கூட்டத்தின் பெரிய தலைகளில் ஒன்று. காப்புறுதிக் கட்டணம் ஏறியது, புகை விதிகள் இறுகின, 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974-இல் கார் நின்றது. பெயரை மட்டும் டாட்ஜ் பத்திரமாக வைத்திருந்தது. 1978-இல் அந்தப் பெயர் மறுபடியும் சாலைக்கு வந்தபோது அதைச் சுமந்தது மிட்சுபிசியின் காலன்ட் லாம்டா! கிரைஸ்லர் 1971-லேயே மிட்சுபிசியில் பங்கு வாங்கியிருந்ததன் பலன். ஆக, நம் சாகாவும் அந்தச் சேலஞ்சரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். டெட்ராய்ட் செய்தால் வணிக உத்தி, ஷா ஆலாம் செய்தால் ஒட்டுப்பலகை என்பது ஓரவஞ்சனை.

அமெரிக்கர்களின் கார்ப் பெயர்களில் குதிரை வாடை அதிகம். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு காட்டிய மஸ்டாங், காட்டில் திரியும் குதிரை. உரிமையாளர் இல்லாமல் அலையும் கால்நடைக்கு மெக்சிகோ ஸ்பானிய மொழியில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. சார்ஜர் போர்க்குதிரை. புரோட்டோனும் சாகாவுக்குப் பிறகு அந்தப் பாதைக்குத்தான் போனது. வீரா, சத்ரியா, பெர்டானா, புத்ரா, வாஜா. வடமொழி அறிந்தவர் இதில் வீரனையும் க்ஷத்திரியனையும் பிரதானியையும் புத்திரனையும் வஜ்ரத்தையும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். 1992-இல் சாகாவின் புதுப்பித்த வடிவத்துக்கு சாகா ஈஸ்வரா என்று பெயர். பேச்சில் ஈஸ்வரா மட்டும் நின்றது. டாக்சிக்காரர்கள் “ஈஸ்வரா எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லும்போது பக்தியா தொழிலா என்று பிரிக்க முடியாது.

அந்தப் படைவரிசையில் வீராவும் சத்ரியாவும் புத்ராவும் வாஜாவும் இன்று உற்பத்தியில் இல்லை. பெர்டானா போய், திரும்பி வந்து, மறுபடியும் போய்விட்டது. விதை இருக்கிறது. 1985-இன் உடல்வாகு, முகத்தை மாற்றி மாற்றி, 2008 வரை ஓடியது. அந்த ஆண்டு ஜனவரி 18 அன்று முற்றிலும் புதிய சாகா வந்தது. மிட்சுபிசி எஞ்சின் போய்ப் புரோட்டோனின் சொந்த கேம்ப்ரோ எஞ்சின். டாட்ஜ் நிறுவனம் சேலஞ்சரை அதன் பழைய முகச்சாயலோடு உயிர்ப்பித்ததும் அதே 2008-இல்தான். இரண்டு மீட்புக்கும் வேறுபாடு உண்டு. சேலஞ்சர் திரும்பி வந்தது இளமையை நினைத்து ஏங்குகிறவர்களுக்காக. சாகா திரும்பி வந்தது முதல் கார் வாங்குகிறவர்களுக்காக; பழைய முகம் அதற்குத் தேவைப்படவில்லை, பெயர் போதுமானதாக இருந்தது. சேலஞ்சர் 2023 டிசம்பரில் மறுபடியும் நின்றுவிட்டது. மூன்றாம் தலைமுறைச் சாகா 2016-இல் வந்தது. பெயரைக் காப்பாற்றுவதில் ஏக்கத்தைவிடத் தேவை உறுதியானது என்பது என் கணிப்பு.

அந்த மூன்றாம் சாகா தயாராவது பேராக்கில், தஞ்சோங் மாலிமில். பேராக் என்றால் வெள்ளி. ஈப்போ என்பதும் ஒரு மரத்தின் பெயர். ஓராங் அஸ்லி வேட்டைக்காரர்கள் ஊதுகுழல் அம்பில் தடவும் நஞ்சுப்பால் தரும் மரம். ஈப்போ இரயில் நிலையத்துக்கு எதிரே அதை இன்றும் காட்டுகிறார்கள். இம்மாநிலத்தின் தலையெழுத்தை மாற்றியதோ இன்னொரு பால்மரம், ரப்பர். விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் கன்றுகளில் ஒன்பது, 1877-இல் கோலக்கங்சாரில் நடப்பட்டன. 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது; டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது; தோட்டங்கள் பெருகின; கப்பல் கப்பலாகத் தமிழர் வந்து இறங்கினார்கள். பிரிட்டிஷ்காரர் கையிலிருந்த ரப்பரை நம்பப் பிடிக்காமல் ஃபோர்டு 1928-இல் பிரேசிலில் ஃபோர்ட்லாண்டியா என்று சொந்தத் தோட்டம் போட்டுப் பார்த்தார். நோயும் நிர்வாகமும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. விடியலில் பால் வெட்டியவர்களுக்குக் கார் என்பது துரையினுடையது. செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, லயத்தை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்தபோதுதான் பல குடும்பங்களில் முதல் காடி வந்தது. அது பெரும்பாலும் யாரோ ஓட்டிக் களைத்த சாகா.

தஞ்சோங் மாலிம் ஆலை 1997 நிதி நெருக்கடியில் தடைபட்டுத் தாமதமாகத்தான் எழுந்தது. 2004-இல் வந்த ஜென்-2 அங்கே தயாரான முதல் மாடல். 2017-இல் சீனத்து கீலி நிறுவனம் 49.9 விழுக்காடு பங்கை வாங்கியது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. பெயர் இ.மாஸ். சேர்த்துப் படித்தால் எமாஸ், மலாயில் தங்கம். இந்தச் சொல்லைச் சமஸ்கிருதத்தின் மாஷம் என்ற சொல்லோடு இணைக்கும் அறிஞர்கள் உண்டு. மாஷம் என்றால் உளுந்து. பிறகு தங்கம் நிறுக்கும் எடை. அச்சே நாட்டில் மாஸ் என்பது பொற்காசின் பெயராக இருந்தது. அவர்கள் சொல்வது சரியென்றால் புரோட்டோன் தன் முதல் காருக்கு ஒரு தட்டாரின் விதையையும், முதல் மின்காருக்கு இன்னொரு தட்டாரின் விதையையும் பெயராக வைத்திருக்கிறது. இரண்டாவதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

கட்டுரையில் இன்னும் நிரப்பப்படாத ஓர் இடம் உண்டு, அதை வாசகர்கள்தான் நிரப்ப முடியும். சுங்கை சிப்புட், பீடோர், சிலிம் ரிவர், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்த மரத்தை என்ன சொல்லி அழைத்தீர்கள்? மஞ்சாடியா, ஆனைக்குண்டுமணியா, வேறு ஏதாவது பெயரா, அல்லது மலாய்க்காரர் சொன்ன சாகாவேதானா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு, தோட்டத்தின் பெயரோடும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதோடும் எழுதி வையுங்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று வரைபடத்திலேயே இல்லை.