மஞ்சள் உப்புமாவும் இரண்டு டீச்சர்களும்



நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது மதியம் மஞ்சள் உப்புமா போடுவார்கள். அமெரிக்காவிலிருந்து மூட்டையில் வந்த மக்காச்சோள ரவை. தட்டை நக்கிச் சாப்பிட்டிருக்கிறோம். நம் நாட்டுக்கு அன்று அவ்வளவு தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாடு தீர்ந்த கதையில் அயோவா என்ற மாநிலத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளக் காடாகக் கிடக்கும் விவசாய மாநிலம் அது.

1890இல் அங்குள்ள சிம்ப்சன் கல்லூரிக்கு ஒரு கறுப்பின இளைஞர் ஓவியம் படிக்க வந்தார். அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். நிறத்தைப் பார்த்து வேறொரு கல்லூரி ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தது. பிறர் துணி துவைத்துக் கொடுத்துப் படித்தார். பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். ஓவிய ஆசிரியை எட்டா பட், இவர் பூவையும் செடியையும் எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறார் என்று பார்த்தார். ஓவியத்தை நம்பி இவர் பிழைக்க முடியாதே என்ற கவலையும் அவருக்கு. ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரியில் அவருடைய தந்தை தோட்டக்கலைப் பேராசிரியர். "அங்கே போய்ப் படி" என்று வழிகாட்டினார். 1891இல் அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவரானார் கார்வர். பிறகு அங்கேயே ஆசிரியருமானார்.

ஏம்ஸில் பழக்கமான ஒரு வீட்டுச் சிறுவனைக் கார்வர் காடு மேடெல்லாம் அழைத்துப் போய்ப் பூவின் பாகங்களைச் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் ஹென்றி வாலஸ். வளர்ந்து ஒட்டு மக்காச்சோள விதைக் கம்பெனி தொடங்கினார். நாட்டின் வேளாண் அமைச்சரானார், துணை ஜனாதிபதியும் ஆனார். 1940இல் மெக்சிகோ போனவர், அங்குள்ள விவசாயிகளின் குறைந்த விளைச்சலைக் கண்டு வருந்தினார். அவர் வலியுறுத்தியதில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1943இல் அங்கே பயிர் ஆராய்ச்சியைத் தொடங்கியது.

அடுத்த ஆண்டு அதில் சேர்ந்தவர் நார்மன் போர்லாக். இவரும் அயோவாக்காரர், 1914இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது ஓராசிரியர் பள்ளி. அங்கே டீச்சராக இருந்தவர் இவருடைய உறவினர் சினா போர்லாக். வயல் வேலையோடு நின்றிருக்க வேண்டிய பையனை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று வீட்டாரிடம் அவர் எடுத்துச் சொன்னார்.

அந்தப் பையன் உருவாக்கிய குட்டைக் கோதுமைதான் பிற்பாடு இந்தியாவுக்கு வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் அதன் அருமையை உணர்ந்தார். வேளாண் அமைச்சராக இருந்த நம் சி.சுப்பிரமணியம் எதிர்ப்புகளைத் தாண்டி 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வரவழைத்தார். 1965இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970இல் 2 கோடி டன்னானது. அதே 1970இல் போர்லாக்குக்கு நோபல் அமைதிப் பரிசு. உரமும் நீரும் அளவு மீறியதால் மண்ணுக்கு வந்த கேட்டையும் மறைக்கக் கூடாது. ஆனால் பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன்.

நோபல் பரிசுப் பட்டியலில் எட்டா பட் பெயரும் இல்லை, சினா பெயரும் இல்லை. ஒருவர் மாணவனின் கையைக் கவனித்தார், ஒருவர் மாணவனின் வீட்டாரிடம் பேசினார். அவ்வளவுதான்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன், கணக்கில் சூரன், திடீரென்று நின்றுவிட்டான். ஆடு மேய்க்கப் போய்விட்டான் என்றார்கள். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று அவன் வீட்டுக்கு நான் போகவேயில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். நாளை வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேராகத் தொடர்ந்து 'ஆ' விழுந்தால், அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். உங்கள் பழைய வாத்தியார் கேட்பது இவ்வளவுதான்.