கடலில்லாத ஊரின் கப்பல்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கடல் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், ஏரித் தண்ணீர்தான். ஆனால் ஒரகடம் சாலையில் பத்து நிமிஷம் நின்றால் போதும். இரண்டு அடுக்காகப் புதுக்கார்களைச் சுமந்த டிரெய்லரோ கன்டெய்னர் லாரியோ கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். ஷிப்ட் முடிந்து டீ குடிக்கிற யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தினமும் போறதுதானே! அந்தக் கார்கள் ஏறப்போகும் கப்பலைப் பார்த்தவர்கள், எனக்குத் தெரிந்தவர்களில் ரொம்பக் குறைவு.

ஒரு காலத்தில் சென்னையில் கப்பல் பார்ப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். மதராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கோட்டைக்கு எதிரே கரையில் நின்றால் எல்லாம் தெரியும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது வளைந்துகொடுக்கும், உடையாது. வெள்ளைக்கார கவர்னரே ஆனாலும் கரையேற நம்ம ஊர்ப் படகுக்காரர் தயவு வேண்டும்.

1861இல் கடலுக்குள் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். 1876இல் துறைமுகச் சுவர் எழுப்பும் வேலை தொடங்கியது. வேலை முடியப்போகும் நேரத்தில், 1881 நவம்பரில் அடித்த புயல் சுவரைப் பிய்த்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். 1904இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்ப்ரிங், வாசலையே வடகிழக்குப் பக்கம் மாற்றி அதை நிஜமான துறைமுகமாக்கினார்.

இந்தச் சுவர் இன்னொரு வேலையும் செய்தது. நம் கரையோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் தெற்கில் தேங்கியது. அப்படி அகலமானதுதான் மெரினா. கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாச்சாலை போட்டார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைக்கக் கடலோரமாகக் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று கடலைவிட்டு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே புரியும். தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வரைக்கும் கடல் ஊருக்குள் வந்தது. வீடுகளும் தெருக்களும் போயின. இப்போது அங்கே மணற்கரைக்குப் பதிலாகக் கருங்கல் கொட்டிய தடுப்பு நீண்டு கிடக்கிறது. ஒரே சுவர்தான். தெற்கே கடற்கரையைக் கொடுத்தது, வடக்கே எடுத்துக்கொண்டது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. வந்துபோன கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கப்பல் தமிழில் ஒரு சொல்லாகிவிட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று எங்கள் பாட்டி தலைமுறை சர்வசாதாரணமாகச் சொல்லும். இன்று வருஷம் முழுக்க நூற்றுக்கணக்கில் கப்பல்கள் வந்துபோகின்றன. எங்கள் பேச்சில் ஒரு கப்பல் பெயர்கூட இல்லை.

காரணம் எளிது. துறைமுகம் கப்பலைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மதில் கட்டி மறைத்துவிட்டது. அப்புறம் மதிலும் வடக்கே நகர்ந்தது. அனல்மின் நிலைய நிலக்கரிக்காக எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. இன்றைய காமராஜர் துறைமுகம் அதுதான். 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை தொடங்கியது. அதே வருஷம் அங்கே செய்த கார்கள் எண்ணூரில் கப்பல் ஏறின. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கார்கள் அதற்கு முன்பிருந்தே சென்னைத் துறைமுகம் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. 2011இல், தூசியைக் காரணம் காட்டி, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நிறுத்தச் சொன்னது உயர் நீதிமன்றம். ராயபுரம் மூச்சுவிட்டது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது.

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு டேங்கர்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே வந்த பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று. எண்ணெயுடன் உள்ளே வந்துகொண்டிருந்தது மற்றொன்று. அதன் பெயர் டான் காஞ்சிபுரம். ஆமாம், எங்கள் மாவட்டத்தின் பெயர்! சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. ஆனால் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் தார் மாதிரி கறுப்புக் கூழ் கல்லிடுக்கெல்லாம் படிந்துகிடந்தது. மனிதர்கள் பிளாஸ்டிக் வாளியால் அள்ளினார்கள், நாள்கணக்கில். நன்றாக இருந்த மீனைக்கூட வாங்க ஆளில்லை.

சில வருஷம் கழித்து அந்தக் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், தூரத்தில் நிற்கிற கப்பலில் சரக்கு இருக்கிறதா என்று கேட்டேன்.

“கீழ செவப்பு தெரியுதா பாரு தம்பி. தெரிஞ்சா காலி. முங்கி நின்னா லோடு.”

“கார் கப்பல்?”

“அதைக் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியாட்டம் எப்பவும் ஒரே மாதிரிதான் நிக்கும். நீ எந்த ஊரு?”

சொன்னேன். “அப்போ உன் ஊரு வண்டிதான் உள்ள இருக்கும்” என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை.

ஒரகடத்தில் ஒரு காருக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கணக்கு உண்டு. இரும்புக்கும் கூலிக்கும் கப்பல் வாடகைக்கும் கணக்கு உண்டு. 140 வருஷமாக வடக்கே கரைந்துகொண்டிருக்கும் கரை மட்டும் எந்தப் பில்லிலும் ஏறவில்லை. கப்பல் பார்க்க ஆசைப்படும் நண்பர்களிடம் இப்போதெல்லாம் மெரினாவுக்குப் போகச் சொல்வதில்லை. எர்ணாவூர் போங்க என்கிறேன். கப்பலும் தெரியும், அது நிற்கிற இடமும் தெரியும்.