எழுபது ரூபாய் ரேடியோவும் ரெண்டாயிரம் வாட்ஸும்

"ஏனுங்க, குறைஞ்ச காசுல வீட்டுக்கு ஒரு நல்ல பாட்டு செட்டு சொல்லுங்க."

எஞ்சினியரிங் படிச்சவன்னு தெரிஞ்சா போதும், கல்யாணப் பந்தியில கூட இந்தக் கேள்வி வந்துடும். நாம பொட்டி தட்டுறதுக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் யோசிக்கறதில்ல :-) ஆனா கேள்வி புதுசில்லைங்க. கோயமுத்தூர்ல இதுக்கு வயசு எண்பதுக்கு மேல. அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா எதை வாங்கறதுன்னு நாமளே முடிவு பண்ணிடலாம்.

1941ல நம்ம ஜி.டி.நாயுடு, அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே இங்க செஞ்சு தர முடியும்னு அறிவிச்சார். சும்மா பேசுற ஆள் இல்ல அவர். 1937லயே பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து, இந்தியாவுல செஞ்ச முதல் மின் மோட்டார்னு சொல்லப்படுறதைக் கொண்டு வந்தவர். திருச்சி வானொலி நிலையம் அப்பத்தான் (1939) தொடங்கியிருந்தது. பாட்டு காத்துல வர ஆரம்பிச்சாச்சு, அதைப் பிடிக்கிற பொட்டி மட்டும் வசதியானவங்க வீட்டுல இருந்துச்சு. ரேடியோ வாங்கினாலும் லைசென்ஸ் வேற எடுக்கணும். தபாலாபீஸ்ல பணம் கட்டுற அந்த வழக்கம் 1980களோட நடுவுலதான் ஒழிஞ்சது.

அஞ்சு வால்வு எதுக்கு? பொதுவா, ஒண்ணு ஸ்டேஷனைப் பிடிக்கும், ஒண்ணு அந்த அலையைப் பெருக்கும், ஒண்ணு அதுலருந்து பாட்டைப் பிரிக்கும், ஒண்ணு ஸ்பீக்கரை ஓட்டும், கடைசி ஒண்ணு ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்கும். ஸ்பீக்கரை ஓட்டுற வால்வு குடுக்கறது மூணு நாலு வாட்ஸ்தான். அந்த நாலு வாட்ஸ்ல ஒரு டீக்கடையே உக்காந்து பாட்டுக் கேட்டுச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

எழுபது ரூபாய்க்கு ரேடியோ வீட்டுக்கு வீடு வந்துடல. சுதந்திரத்துக்கு அப்புறமும் மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் எல்லாம் சேமிச்சு வாங்கற பொருளாத்தான் இருந்துச்சு. வெளிநாட்டு ஹைஃபை செட்டுன்னா இறக்குமதிக் கட்டுப்பாடு, அதையும் தாண்டினா வரி. 1970ல கல்கத்தாவுல சோனோடைன் மாதிரி கம்பெனி தொடங்கினது இந்தச் சூழல்லதான். நம்ம பக்கம் துபாய், சவுதின்னு போயிட்டு வந்தவங்க கையில வந்த டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரைச் சுத்தி ஊரே உக்காரும்.

இதுக்கு நடுவுல பாட்டு வேற மாறிடுச்சு. ஸ்டீரியோவுல பாட்டு பதிவான முதல் தமிழ்ப் படம்னு பலரும் சொல்றது, 1978ல வந்த 'ப்ரியா'. இளையராஜா இசை. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு வாத்தியத்தைப் பிரிச்சு வச்சா, கேக்கறவங்க வீட்டுலயும் ரெண்டு ஸ்பீக்கர் வேணுமே? கம்பெனி செட்டு வாங்க காசில்லாதவங்களுக்கு ஒரே வழி, அசெம்பிள் செட்டு.

இதுக்கு வாகான ஊரு நம்மளுது. ஆம்ப்ளிஃபயர்ல கனமானதும் காசு புடுங்குறதும் டிரான்ஸ்ஃபார்மர். மோட்டாருக்குக் காயில் கட்டுற கைக்கு அது பெரிய வித்தை இல்ல. பொட்டி செய்ய ஆசாரி. மத்தபடி ஐ.சி.யும் ஸ்பீக்கரும் கடையில கிடைக்கும். 2என்3055 டிரான்சிஸ்டர்ல தொடங்கி எல்.ஏ.4440, டி.டி.ஏ.2030ன்னு ரேடியோ மெக்கானிக்குங்க வாயில நம்பர் மந்திரம் மாதிரி வரும்.

இங்கதான் ஒரு சூட்சுமம். 1960கள்ல ஜெர்மனியில டி.ஐ.என். 45500ன்னு ஒரு தரநிலை போட்டாங்க, எதை ஹைஃபைன்னு சொல்லலாம்னு. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு அதுல கேட்ட பவர் ஒரு பக்கத்துக்கு வெறும் ஆறு வாட்ஸ். ஆனா டிஸ்டார்ஷன், அதாவது ஒலியோட சிதைவு, ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம்ம 4440ம் பக்கத்துக்கு ஆறு வாட்ஸ்தான், ஆனா அந்த ஆறை எட்டும்போது சிதைவு பத்து சதவீதம். டி.டி.ஏ.2030 அரை சதவீதச் சிதைவுலயே 14 வாட்ஸ் தரும். ரெண்டுமே சல்லிசான ஐ.சி. தான். ஒண்ணு ஹைஃபை, இன்னொண்ணு சத்தம். வித்தியாசம் வாட்ஸ்ல இல்லைங்க, பக்கத்துல இருக்கற சதவீதத்துல இருக்கு.

அந்தச் சதவீதத்தை மறைக்கத்தான் பி.எம்.பி.ஓ. வந்துச்சு. 1991க்கு அப்புறம் கதவு திறந்ததும், கையகல ஸ்பீக்கர் மேல "2000 வாட்ஸ்"னு ஸ்டிக்கர். இதை அளக்க ஒரு தரநிலையும் கிடையாது. ஒரு நொடியில சின்னத் துளி நேரம் வந்து போறதைக் கூட கணக்குல சேத்துக்கலாம். அமெரிக்காவுல 1974லயே, தொடர்ந்து தர்ற பவரை, எவ்வளவு சிதைவுலன்னும் சேத்துச் சொல்லணும்னு விதி போட்டுட்டாங்க. நாம ஸ்டிக்கரைப் பாத்து வாங்கிட்டு இருந்தோம்.

சரி, இப்ப நாலு வாட்ஸ் கணக்குக்கு வருவோம். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்துல 86, 88 டெசிபல் தரும். பவரை ரெண்டு மடங்காக்கினா கூடுறது மூணு டெசிபல். நாலு வாட்ஸுக்கு 92க்கு மேல வந்துடும். பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல அதுவே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுற சத்தம்.

அதனால கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். காசுல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்குப் போடுங்க. ஆம்ப்ளிஃபயருக்கு ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு, எத்தனை ஓம்ஸ்ல, எத்தனை சதவீத சிதைவுலன்னு மூணும் சேத்துக் கேளுங்க. இன்னைக்கு வர்ற சின்ன கிளாஸ்-டி போர்டுக்கும் இதே கேள்விதான். அட்டையில போட்ட ஐம்பது வாட்ஸ் பல சமயம் பத்து சதவீத ஐம்பது. அஞ்சு பொட்டி சுமாரா வாங்கறதுக்கு ரெண்டு நல்லதா வாங்குங்க. நம்ம பாட்டு முக்கால்வாசி ரெண்டு ஸ்பீக்கருக்காகப் பதிவானதுதான்.

70 ரூபாய்னு சொன்ன மனுஷன் கூடவே அஞ்சு வால்வுன்னும் சொன்னார். விலையைச் சொல்லும்போதே உள்ள என்ன இருக்குன்னும் சொன்ன கணக்கு அது. கடைக்காரர்கிட்ட நாம கேக்க வேண்டியதும் அதைத்தானுங்க.