சென்னையில் வீட்டு அட்வான்ஸ்: ஒரு சின்ன வரலாறு

அனுப்பம்பட்டில் ரயில் ஏறி தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர், அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்தால் முதலில் காதில் விழுவது "அட்வான்ஸ்". பத்து மாத வாடகை என்பது சென்னையில் வெகுநாள் வழக்கம்.

ஆனால் சட்டம் சொன்னது வேறு! இரண்டாம் உலகப் போர் காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1960-ல் தனிச் சட்டமாக மறுபடி எழுதப்பட்டது. அதன்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீடு கிடைத்தால் போதும் என்றிருப்பவர் கோர்ட்டுக்கா போவார்?

2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலான புதிய சட்டம் வரம்பை மூன்று மாதமாக்கியது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டால் அந்த வரம்பும் இல்லை. ஆக, சட்டம்தான் வழக்கத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படித்துவிடுவது நல்லது.