அடைபட்டோர் மீதான மருத்துவ ஆய்வு: மலாயாவின் பெரிபெரிச் சோதனை

ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் வரலாறு ஈயத்தையும் ரப்பரையும் கொண்டே பெரிதும் எழுதப்படுகிறது. அத்தொழில்களில் உழைத்தோர் உண்ட அரிசியும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒன்றாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் தீட்டிய பச்சரிசியை உண்டனர். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழக்கும் பெரிபெரி நோய்க்குப் பெருந்தொகையில் பலியாயினர். தோட்டத் தமிழர் உண்டதோ இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. அவர்களிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் அறியப்பட்ட விளக்கமாகும்.

அரிசியே காரணம் என்று சிரம்பானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் வாதிட்டார். தொற்றே காரணம் என்று பலர் மறுத்தனர். இவ்வழக்கைத் தீர்க்க உதவியோர் அடைபட்ட மக்களே. ஜாவாவில் வோர்டர்மன் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளை ஆராய்ந்து 1897இல் முடிவை வெளியிட்டார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவரும், தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவரும் நோயுற்றிருந்தனர். அவர் எவருடைய உணவையும் மாற்றவில்லை, இருந்ததைக் கணக்கிட்டார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் மேற்கொண்டது வேறு வகையானது. 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் ஓராண்டு வழங்கினார். பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டோருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

இச்சோதனையை எவ்வாறு மதிப்பிடுவது? ஃபிளெட்சர் அரிசிக் கொள்கையை நம்பாமலேயே தொடங்கினார் என்பதும், அங்கு முன்னரே இந்நோய் பரவியிருந்தது என்பதும் அவர் சார்பில் கூறத்தக்கவை. எனினும் வோர்டர்மனின் முடிவு வெளிவந்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இறப்புகள் ஒரு பக்கமே நிகழ்ந்தும் ஓராண்டுச் சோதனை இடையில் நிறுத்தப்படவில்லை. அடுத்துவந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்தபோது, நோய் தோன்றிய அணிக்குப் புழுங்கல் அரிசி மாற்றி வழங்கப்பட்டது; நோய் அடங்கியது. இடையில் நிறுத்தியும் உண்மையை நிறுவ முடியும் என்பதற்கு இதுவே சான்று.

1947ஆம் ஆண்டின் நூரம்பர்க் நெறிகள் தன்னிச்சையான இசைவை முதல் விதியாக்கின. 1979ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கை கைதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இருபுறச் சிக்கலை உணர்த்தியது: ஆய்வில் பங்கேற்கும் வாய்ப்பை அவர்களுக்கு மறுப்பதும் முறையன்று, சிறைச்சூழல் அவர்களை நுட்பமாகக் கட்டாயப்படுத்தவும் கூடும். காஜாங் சிறையில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காசநோயை ஆராய்ந்தமை போன்ற பணிகள், கைதிகளை முற்றாக விலக்கினால் அவர்தம் நோயே அறியப்படாது போகும் என்பதைக் காட்டுகின்றன.

ஆகவே, அடைபட்டோரை ஆய்வில் சேர்க்கலாமா என்பதோடு வினா முடிவதில்லை. அவர்களைத் தாக்கும் நோயையே ஆய்வு நாடுகிறதா, அவர்கள் மறுத்தால் தண்டனையின்றி விலக முடியுமா, பயன் தெரிந்தவுடன் அது முதலில் அவர்களைச் சென்றடைகிறதா என்பனவும் வினவப்பட வேண்டும். கோலாலம்பூரில் மருந்து அடுத்த பிரிவினரின் தட்டிலேயே இருந்தது. அது மறு பிரிவினர் அனைவருக்கும் உடனே வழங்கப்படாமையே அச்சோதனையின் பெருங்குறையாகும்.